பழனி மலைப் பாறைகளில் பாதியில் நின்ற மாற்றங்கள்: ஓர் ஆய்வு வரலாறு

பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரிந்து நீளும் ஒரு கிளையாகும். இதன் தென்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் அமைந்துள்ளது. சுற்றுலாப் பயணிகள் மூடுபனிக்கிடையே பார்த்துத் திரும்பும் தூண் பாறையும், மலைப்பாதையின் ஓரத்தில் வெட்டுண்டு நிற்கும் கரும்பச்சைப் பாறைச் சுவர்களும் பெரும்பாலும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஊர் மக்களும் குவாரித் தொழிலாளரும் இதைக் கருங்கல் என்பர். நிலவியலாளர் சார்னோக்கைட் என்பர்.

பார்வைக்கு ஒரே சீராகத் தெரியும் இந்தக் கல்லுக்குள் பல மாற்றங்கள் நடந்து முடிந்துள்ளன. வேறு பல பாதியில் நின்றுள்ளன. திண்ம நிலையில் இருக்கும்போதே ஒரு படிக ஒழுங்கு கலைந்து வேறோர் ஒழுங்கு உருவாவதை நிலைமாற்றம் என்பர். பனிக்கட்டி உருகி நீராவதும் நிலைமாற்றமே. ஆயினும் பாறையில் நடப்பதில் எதுவும் முழுதாக உருக வேண்டியதில்லை. அணுக்கள் தம் இடத்தைச் சிறிது மாற்றிக்கொள்கின்றன, அல்லது கலந்திருந்தவை அடுக்கடுக்காகப் பிரிகின்றன, அல்லது இரு கனிமங்கள் ஒன்றையொன்று தின்று வேறிரண்டாகின்றன. பழனி மலைப் பாறைகளில் இம்மூன்றும் உண்டு. அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ள நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

பெயர் வந்த கதை

பழனி மலை அடங்கிய அன்றைய மதுரை மாவட்டத்தின் நிலவியலை முதலில் விரிவாக எழுதியவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூசு ஃபூட். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்கள் பற்றிய அவருடைய அறிக்கை 1883இல் வெளியானது. 1863இல் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவர் என்ற முறையில் தமிழ் வாசகர்கள் அவரை நன்கு அறிவர். அவர் காலத்தில் இம்மலைப் பாறைகளுக்குத் தனிப்பெயர் இல்லை. நைஸ் என்ற பெருந்தொகுதிக்குள் இவையும் அடங்கின.

தனிப்பெயர் கொடுத்தவர் தாமசு ஹாலந்து. கல்கத்தாவின் புனித யோவான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னோக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலரின் கல்லறை உள்ளது. அதன் மேல் பதித்த கல் சென்னைப் பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. அந்தக் கல்லும் பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் கல்லும் ஒன்றே என்று கண்ட ஹாலந்து, 1893இல் அதற்குச் சார்னோக்கைட் எனப் பெயரிட்டார். சார்னோக் கல்கத்தாவை நிறுவியவர் என்ற பழைய வழக்கை 2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. நகரத்தின் நிறுவனர் என்ற பெயர் போனாலும் பாறையின் பெயர் நிலைத்துவிட்டது. அண்டார்டிகாவிலும் நார்வேயிலும் கிடைக்கும் இதே வகைப் பாறைக்கும் இன்று இதே பெயர்தான். சென்னைக்கு வெளியே ஒரு சிறு குன்றின் கல், கல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஓர் ஆங்கிலேயரின் பெயரால் உலகெங்கும் அறியப்படுவது விந்தையே.

1900இல் ஹாலந்து வெளியிட்ட நீண்ட ஆய்வுரையில் தென்னிந்தியாவின் மலைகள் பலவற்றிலும் இப்பாறை பரவியிருப்பதைக் காட்டினார். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் ஆகியவற்றோடு ஹைப்பர்சுதீன் என்ற கனிமமும் இருப்பதே இதன் அடையாளம். ஹைப்பர்சுதீன் ஆர்த்தோபைராக்சீன் குடும்பத்தைச் சேர்ந்தது, இரும்பும் மக்னீசியமும் கொண்டது, தண்ணீர் இல்லாதது. சாதாரண கிரானைட்டில் அந்த இடத்தில் தண்ணீரைத் தன் படிகத்துக்குள் பிடித்துவைத்திருக்கும் கருமைக்கா என்ற பயோடைட் இருக்கும். பின்னாளில் எழுந்த விவாதங்களில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றியே நடந்தது.

தீயில் பிறந்ததா, தீயில் மாறியதா

ஹாலந்தின் முடிவு தெளிவானது. சார்னோக்கைட் பாறைக்குழம்பு குளிர்ந்து உறைந்த தீப்பாறை. வெளிர் நிறத்திலிருந்து கரிய நிறம் வரை காணும் வகைகள் யாவும் ஒரே குழம்பிலிருந்து பிரிந்தவை. இக்கருத்து சில பத்தாண்டுகள் செல்வாக்கோடு இருந்தது. ஆனால் களத்தில் வேலை செய்தவர்களுக்குச் சில காட்சிகள் இடறின. சார்னோக்கைட்டுக்குள் சுண்ணாம்புப் பாறை, களிமண் வழிவந்த பாறை போன்றவற்றின் பட்டைகள் ஒழுங்காகத் தொடர்ந்தன. அவை பழைய கடலடிப் படிவுகள். அவையும் அவற்றைச் சூழ்ந்த பாறையும் சேர்ந்தே ஆழத்தில் சூடேறி மாறியிருக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1959இல் ஏ. பி. சுப்பிரமணியம் சென்னைப் பகுதியின் மூலப் பாறையையே மீண்டும் ஆராய்ந்து, ஹாலந்து ஒரே வரிசையாகக் கண்டவை ஒரே பிறப்பைக் கொண்டவையல்ல என்று வாதிட்டார்.

விவாதத்தைத் திருப்பிய சான்று தமிழ்நாட்டுக்குச் சற்று வடக்கே, கர்நாடகத்தின் கப்பாளு என்ற ஊரின் கல்குவாரியில் கிடைத்தது. அங்கே சாம்பல் நிற நைஸ் பாறைக்குள் கரும்பச்சைத் திட்டுகள் பரவியிருந்தன. நைஸின் பட்டைக் கோடுகள் திட்டுக்குள் நுழையும்போது மங்கி மறைந்தன. அதாவது ஒரு பாறை மற்றொன்றாக மாறிக்கொண்டிருந்த வேளையில் மாற்றம் நின்றுபோயிருந்தது. சி. எஸ். பிச்சமுத்து 1960இல் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். உருவாகிக்கொண்டிருக்கும் சார்னோக்கைட் என்ற பொருளில் அவர் இட்ட தலைப்பு இன்றும் நிலவியல் வகுப்புகளில் நினைவுகூரப்படுகிறது.

அங்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். கருமைக்காவும் குவார்ட்ஸும் வினைபுரிந்து ஹைப்பர்சுதீனும் பொட்டாசிய ஃபெல்ஸ்பாரும் உண்டாகின்றன. கருமைக்காவில் அடைபட்டிருந்த தண்ணீர் வெளியேறுகிறது. தண்ணீர் அகன்றால் மட்டுமே மாற்றம் நிலைக்கும். அதை அகற்றியது எது என்பது அடுத்த கேள்வி. பாறை ஓரளவு உருகும்போது அந்த உருகல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்பது ஒரு விடை. ஆழத்திலிருந்து மேலேறிய கரியமில வாயு தண்ணீரை நீர்க்கச் செய்தது என்பது மற்றொன்று. 1980இல் நியூட்டன், சுமித், விண்ட்லி ஆகிய மூவர் இதை முன்வைத்தனர். கப்பாளு போன்ற இடங்களுக்கு இரண்டாம் விடை பொருந்தி வருகிறது. பழனி மலை போன்ற பெருந்திரளுக்கு அது மட்டும் போதாது. மலை முழுவதையும் வாயுவால் உலர்த்த எவ்வளவு வாயு வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டாலே சிக்கல் புரியும்.

குவார்ட்ஸின் திருப்பம்

மூன்று வகை மாற்றங்களில் எளிமையானது குவார்ட்ஸில் நடப்பது. அறை வெப்பநிலையில் குவார்ட்ஸ் படிகத்துக்கு மும்மடிச் சமச்சீர் உண்டு. இது ஆல்பா வடிவம். 573 பாகை செல்சியஸில் சிலிக்கன்–ஆக்சிசன் நான்முகிகள் சற்றே திரும்பி அறுமடிச் சமச்சீர் கொண்ட பீட்டா வடிவமாகின்றன. எந்தப் பிணைப்பும் அறுவதில்லை. ஆகவே குளிர்ந்தால் உடனே பழைய வடிவம் திரும்பிவிடும். இந்த வெப்பநிலையை 1889இல் பிரெஞ்சு வேதியியலாளர் லெ சாத்தெலியே கண்டறிந்தார்.

மாற்றம் எப்படி நெருங்கி வருகிறது என்பதைக் காட்டியது இந்தியாவில் நடந்த ஆய்வு. 1940இல் சர் சி. வி. இராமனும் டி. எம். கே. நெடுங்காடியும் குவார்ட்ஸைச் சூடாக்கியபடி அதன் இராமன் நிறமாலையைப் பதிவு செய்தனர். மற்றக் கோடுகள் அதிகம் அசையாதிருக்க, ஒரு கோடு மட்டும் அகன்று மங்கி அதிர்வெண் குறைந்துகொண்டே வந்தது. அக்கோட்டுக்குரிய அதிர்வே நான்முகிகளைத் திருப்பும் அசைவு. படிகம் மாறப்போகும் திசையில் அதன் விறைப்பு தளர்ந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ இருபதாண்டு கழித்து, 'மென் அதிர்வு' என்ற பெயரில் நிலைமாற்றக் கோட்பாட்டின் முதன்மைக் கருத்துகளுள் ஒன்றாக இது வளர்ந்தது. அக்கோட்பாட்டை எழுதியவர்களின் பெயர் பரவிய அளவுக்கு நெடுங்காடியின் பெயர் பரவவில்லை.

பழனி மலைக்கு இது எவ்வாறு பொருந்தும்? அழுத்தம் ஒரு கிலோபார் கூடினால் குவார்ட்ஸ் மாறும் வெப்பநிலை ஏறத்தாழ 25 பாகை உயரும். ஆழத்தில் 8 கிலோபார் அழுத்தத்தில் அது 770 பாகைக்கு மேல் இருந்திருக்கும். பழனிப் பாறைகள் அதைவிட வெப்பமாக இருந்தவை என்பதால், அவற்றின் குவார்ட்ஸ் பீட்டா வடிவில் வளர்ந்து பின்பு ஆல்பாவாகத் திரும்பியது என்பதில் ஐயமில்லை. ஆனால் திரும்பிய வடிவம் பழைய வெப்பத்தைப் பற்றி ஏதும் சொல்லாது. எளிதாக நடந்து முடிந்த மாற்றம் தடயம் விடுவதில்லை; தடுமாறி நின்ற மாற்றமே சாட்சியாகிறது.

அடுக்கடுக்காகப் பிரிந்த ஃபெல்ஸ்பார்

அப்படிப்பட்ட சாட்சிகளுள் ஒன்று ஃபெல்ஸ்பார். மிகுந்த வெப்பத்தில் பொட்டாசியமும் சோடியமும் ஒரே ஃபெல்ஸ்பார் படிகத்தில் கலந்திருக்கும். குளிரும்போது அவை ஒன்றாக இருக்க இயலாமல், பொட்டாசியம் மிகுந்த இழைகளும் சோடியம் மிகுந்த இழைகளுமாக மாறி மாறி அடுக்குகளாகப் பிரிகின்றன. இவ்வமைப்புக்குப் பெர்த்தைட் என்று பெயர். கனடாவின் பெர்த் என்ற ஊரால் வந்தது.

அடுக்குகளின் தடிப்பு குளிர்ந்த வேகத்தைப் பொறுத்தது. விரைவில் குளிர்ந்தால் அவை நானோமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். இலங்கையின் மீட்டியாகொடையில் கிடைக்கும் நிலாக்கல் அத்தகையது. அதன் நீலப் பொலிவைப் பற்றி இராமனும் அ. ஜெயராமனும் மற்றொருவரும் 1950இல் எழுதினர். கல்லுக்குள் இருக்கும் நுண்ணிய பிரிவுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்று விளக்கினர். அதே ஆண்டில் லாப்ரடோரைட் என்ற மற்றொரு ஃபெல்ஸ்பாரின் வண்ண ஒளிர்வையும் ஆராய்ந்தனர். ஆழத்தில் மெதுவாகக் குளிர்ந்த பழனிப் பாறைகளில் அடுக்குகள் பருத்துவிட்டன. நிலாக்கல்லின் பொலிவு இல்லை, ஆனால் சாதாரண நுண்ணோக்கியிலேயே இழைகளைப் பார்க்கலாம்.

இதே வகை அடுக்கமைப்பு முற்றிலும் வேறொரு பொருளிலும் தோன்றுகிறது. தொகுதிப் பல்லுறுப்பிகள் எனப்படும் நெகிழிகளில் ஒன்றோடொன்று சேராத இரு சங்கிலிகள் ஒரு முனையில் பிணைக்கப்பட்டிருக்கும். அவை பிரிய விரும்பும்; பிணைப்பு விடாது. விளைவாகச் சில பத்து நானோமீட்டர் அளவில் அடுக்குகளாகவோ உருளைகளாகவோ உருண்டைகளாகவோ ஒழுங்குபடும். வெப்பநிலை மாறினால் ஓர் ஒழுங்கு மற்றொன்றாக மாறும். இதற்குரிய கோட்பாட்டை 1980இல் லூத்விக் லெய்ப்லர் தந்தார். 1990களில் உருளைக்கும் அடுக்குக்கும் இடையே கைராய்டு என்ற முப்பரிமாண வலைப்பின்னல் ஒழுங்கும் கண்டறியப்பட்டது. ஃபெல்ஸ்பாரில் சங்கிலிப் பிணைப்பு இல்லை. அங்கே அடுக்குகள் தொடர்ந்து பருக்காமல் தடுப்பது, குளிர்ச்சியால் அணுக்களின் நகர்வு மந்தமாவதே. பல்லுறுப்பி மாதிரியை ஆய்வகத்தில் மீண்டும் சூடாக்கி மாற்றத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கலாம். மலையை அவ்வாறு செய்ய இயலாது.

ஆயினும் கணக்கில் பின்னோக்கிச் செல்லலாம். பிரிந்த இழைகள் இரண்டின் வேதிப் பொருள்களையும் அளந்து, அவற்றின் பரப்பளவு விகிதத்தில் கூட்டினால் பிரிவதற்கு முன்பிருந்த ஒற்றை ஃபெல்ஸ்பாரின் கலவை கிடைக்கும். அக்கலவை எந்த வெப்பநிலைக்கு மேல் ஒன்றாக இருக்க முடியும் என்பது சோதனைகளால் தெரியும். 2006இல் பிரகாஷ், அரிமா, மோகன் ஆகியோர் பழனி மலைப் பாறைகளுக்கு இம்முறையைக் கையாண்டு, அவை மீயுயர் வெப்ப உருமாற்றத்துக்கு உட்பட்டவை என்று உறுதி செய்தனர். 900 பாகை செல்சியஸைக் கடந்த உருமாற்றத்தையே இப்பெயரால் குறிப்பர்.

இது வெறும் எண் திருத்தம் அன்று. கார்னெட்டும் பைராக்சீனும் இரும்பையும் மக்னீசியத்தையும் பகிர்ந்துகொள்ளும் விகிதத்தைக் கொண்டு வெப்பநிலை கணிப்பதே அதுவரை பொதுவான முறையாக இருந்தது. அந்தப் பகிர்வு குளிரும்போதும் நீண்ட காலம் தொடர்ந்து நடக்கும். ஆகவே அது காட்டுவது உச்ச வெப்பத்தை அன்று. அணுக்கள் நகர்வதை நிறுத்திய வெப்பத்தையே. தென்னிந்தியச் சார்னோக்கைட்டுகளுக்கு 700 முதல் 800 பாகை வரை என்று பழைய கட்டுரைகளில் காணும் மதிப்புகள் பலவற்றை இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

கெங்குவார்பட்டியும் பெருமாள்மலையும்

மலையின் உண்மையான வெப்பத்தை முதலில் காட்டிக்கொடுத்தது சார்னோக்கைட் அல்ல. அதற்குள் சிறு பட்டைகளாகச் சிக்கியிருந்த வேறொரு பாறை. மக்னீசியமும் அலுமினியமும் மிகுந்த இப்பாறையில் சபிரின் என்ற கனிமம் உண்டு. நீலமணியைப் போன்ற நிறத்தால் இப்பெயர் பெற்றது. முதலில் கிரீன்லாந்தில் அறியப்பட்டது. மதுரை மாவட்டத்துச் சபிரினைப் பற்றி டி. என். முத்துசாமி 1949இல் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார். அக்கட்டுரை அப்போது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. அரிய கனிமம் ஒன்றின் வருகைப் பதிவாகவே அதைக் கொண்டனர். சபிரினும் குவார்ட்ஸும் போன்ற சேர்க்கைகள் எவ்வளவு வெப்பத்தில் நிலைக்கும் என்பதைச் சொல்லும் ஆய்வகச் சோதனைகள் அதற்குப் பிறகே வந்தன.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் செல்லும் மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்துக்கு அருகே கெங்குவார்பட்டி உள்ளது. அங்கு கிடைத்த சபிரின் பாறைகளை ஆ. மோகன், டி. அக்கர்மாண்ட், ஆர். கே. லால் ஆகியோர் 1986இல் விரிவாக ஆராய்ந்தனர். மேலே, அதே பாதையில் கொடைக்கானலுக்குச் சற்று முன்னால் வரும் பெருமாள்மலையிலிருந்து 1991இல் சிவசுப்பிரமணியன், நடராஜன், ஜனார்த்தன் ஆகியோர் இத்தகைய பாறைகளைப் பதிவு செய்தனர். மலையின் அடிவாரமும் உச்சிப்பகுதியும் ஒரே கதையைச் சொல்லத் தொடங்கின.

இந்தப் பாறைகளை 0.03 மில்லிமீட்டர் தடிப்புக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் காண்பது வியப்பானது. பெரிய கார்னெட் ஒன்றின் விளிம்பு அரிக்கப்பட்டிருக்கும். அதைச் சுற்றி, விரல் ரேகைபோல நெளிந்து பின்னிய இரு கனிமங்கள் மாலையாகப் படர்ந்திருக்கும்: ஒன்று ஆர்த்தோபைராக்சீன், மற்றது கோர்டியரைட். வேறோரிடத்தில் ஆர்த்தோபைராக்சீனும் சில்லிமனைட்டும் முன்பு தொட்டுக்கொண்டிருந்த எல்லையில் இப்போது சபிரினும் கோர்டியரைட்டும் பின்னிக்கிடக்கும். இப்பின்னலைச் சிம்பிளெக்டைட் என்பர். பழைய கனிமம் நடுவில் மிஞ்சியிருப்பதால் எது எதுவாக மாறியது என்பதில் குழப்பமில்லை. அணுக்கள் நெடுந்தூரம் நகர முடியாதபோது புதிய கனிமங்கள் தனித்தனிப் பெரும்படிகங்களாக வளர இயலாது. அருகருகே மெல்லிய இழைகளாகவே வளரும். பின்னல் நுண்மையாக இருந்தால் மாற்றம் அவசரமாக நடந்தது என்று கொள்ளலாம்.

கார்னெட்டின் அடர்த்தி 3.6க்கு மேல்; கோர்டியரைட்டின் அடர்த்தி ஏறத்தாழ 2.6. அடர்ந்த கனிமம் இடம் விரிந்த கனிமமாக மாறுகிறது என்றால் மேலிருந்த சுமை குறைந்திருக்க வேண்டும். வெப்பம் குறைந்திருந்தால் இவ்வினை இவ்வளவு தூரம் ஓடியிராது. ஆகவே பாறை இன்னும் கொதிப்போடிருக்கும்போதே ஆழத்திலிருந்து மேலே தள்ளப்பட்டது. 1996இல் மைக்கேல் பிரவுனும் மைக்கேல் ராய்த்தும் தென்னிந்தியாவில் மீயுயர் வெப்பத்தில் நிகழ்ந்த அழுத்த இறக்கத்துக்கான முதல் சான்று என இதை அறிவித்தனர். அடுத்த ஆண்டு ராய்த், கர்மாக்கர், பிரவுன் மூவரும் பழனி மலைச் சபிரின் பாறைகளின் பல கட்ட வரலாற்றை நீண்ட கட்டுரையாக வெளியிட்டனர். கட்டங்களின் வரிசையிலும் உச்ச அழுத்தத்திலும் பின்வந்த ஆய்வாளர்களிடையே வேறுபாடு உண்டு. வெப்பம் 900 பாகையைத் தாண்டியது என்பதில் இல்லை.

எப்போது, எதனால்

காலத்தைக் கணிக்க சிர்க்கான், மோனசைட் போன்ற கனிமங்களில் உள்ள யுரேனியம் ஈயமாகச் சிதையும் அளவு உதவுகிறது. கொடைக்கானல் பகுதிக்கு ஜயானந்தாவும் உடன் ஆய்வாளர்களும் 1995இல் தந்த முடிவுகளும் பின்வந்தவையும் பெரும் உருமாற்றத்தை ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் வைக்கின்றன. பாறையின் மூலப்பொருள் அதைவிடப் பல மடங்கு பழையது. தமிழகத்தின் எல்லாச் சார்னோக்கைட்டுகளும் ஒரே வேளையில் உருவானவை என்ற பழைய எண்ணம் இதனால் கைவிடப்பட்டது; பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ள மலைகள் பல ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உருமாறியவை.

55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுகூடியது. ஆப்பிரிக்கா, மடகாசுகர், இலங்கை, தென்னிந்தியா, அண்டார்டிகா ஆகியவற்றின் நிலத்துண்டுகள் மோதி இணைந்தன. இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் சபிரின் கொண்ட மீயுயர் வெப்பப் பாறைகள் இருப்பது தற்செயல் அன்று. ஆயினும் மோதல் மட்டுமே இவ்வளவு சூட்டைத் தருமா என்பது தீராத விவாதம். கதிரியக்கத் தனிமங்கள் மிகுந்த மேலோடு தடித்து நீண்ட காலம் மூடியிருந்ததால் வெந்தது என்பர் சிலர்; கீழிருந்து வந்த பாறைக்குழம்பு சூடாக்கியது என்பர் வேறு சிலர்.

பரங்கிமலையின் சார்னோக்கைட்டை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. பழனி மலையின் சபிரின் பாறைகளுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. அவை சில மீட்டர் அகலமே உள்ள சிறு பட்டைகள். தோட்டங்களிலும் ஓடைக்கரைகளிலும் சாலை ஓரங்களிலும் வெளித்தெரிபவை. சாலை அகலப்படுத்தலுக்கோ வீட்டு அடித்தளத்துக்கோ ஒரு பட்டை உடைபட்டால், சுற்றியுள்ள கருங்கல்லிலிருந்து அதை வேறுபடுத்திப் பார்க்கத் தெரிந்தவர் அங்கு நிற்பது அரிது.